எந்தப் புத்தகம் வாங்கலாம்? மின் உரிமத் தேர்வு எழுதுபவர்களின் கேள்விகள்

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கடலோரத்து ஊர்களிலிருந்து வந்த கடிதங்களை அடுக்கி வைத்துப் பார்த்தால், ஒருவர் அமெரிக்கத் தேர்வைப் பற்றிக் கேட்கிறார், இன்னொருவர் வயர்மேன் சான்றிதழைப் பற்றிக் கேட்கிறார், ஆனால் எல்லாரும் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருகிறார்கள்: எதைப் படிப்பது, எதை வாங்குவது. அதனால் இந்த முறை மற்ற கேள்விகளைத் தள்ளி வைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அண்ணா, நான் இ.இ.இ. முடித்துவிட்டு, சென்னைக் கம்பெனி ஒன்றுக்காக அமெரிக்க சப்ஸ்டேஷன் டிசைன் வேலையை வீட்டிலிருந்தே செய்கிறேன். கணவர் டெக்சாஸில் இருக்கிறார், அடுத்த வருடம் நானும் போகிறேன். போனதும் புரொஃபஷனல் இன்ஜினியர் உரிமத்துக்கான பிஇ பவர் தேர்வை எழுத வேண்டும் என்று ஆசை. விசாரித்தால் ஆளுக்கொரு புத்தகம் சொல்கிறார்கள், கோர்ஸ் விலையைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. காலேஜ் புத்தகங்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. எதை வைத்து ஆரம்பிக்கட்டும்?
– வாசகி, தேவிபட்டினம்

பதில்: தங்கச்சி, காசு கொடுத்து எதையும் வாங்குவதற்கு முன்னால், காசில்லாமல் கிடைக்கிற இரண்டை முதலில் எடுத்து வையுங்கள். ஒன்று, தேர்வை நடத்தும் என்சிஇஇஎஸ் அமைப்பு வெளியிட்டிருக்கும் பாடத்திட்டத் தாள், எந்தப் பகுதியிலிருந்து எத்தனை கேள்வி வரும் என்று அதில் போட்டிருப்பார்கள். இரண்டு, அவர்களுடைய பிஇ பவர் ரெஃபரன்ஸ் ஹேண்ட்புக். என்சிஇஇஎஸ் தளத்தில் கணக்குத் தொடங்கினால் பிடிஎஃப் இலவசம். இந்த இரண்டையும் ஒரு வாரம் புரட்டாமல் வேறு எந்தப் புத்தகத்துக்கும் ஆர்டர் போடாதீர்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்தத் தேர்வின் முறையே மாறிவிட்டது. 2020 டிசம்பருக்கு முன்னால் இது பேப்பர் பென்சில் தேர்வு. புத்தகங்களைப் பெட்டி பெட்டியாக உள்ளே கொண்டுபோகலாம், பக்கங்களில் கலர் ஸ்டிக்கர் ஒட்டி வைத்துக்கொண்டு புரட்டி எழுதுவார்கள். அந்தக் காலத்துக்காகத் தயாரான தடிமனான புத்தகங்கள் இன்றும் விற்பனையில் இருக்கின்றன, அந்தக் காலத்தில் எழுதியவர்கள் இன்றும் அதையே சிபாரிசு செய்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்களுக்கு அது உதவியது. ஆனால் இப்போது கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எழுதுகிறீர்கள்: 80 கேள்விகள், 8 மணி நேரம், நடுவில் 50 நிமிட இடைவேளை. உங்கள் புத்தகம் எதுவும் உள்ளே வராது. திரையில் அந்த ஹேண்ட்புக்கும், பாடத்திட்டத்தில் சொல்லியிருக்கும் கோடு புத்தகங்களும், அதாவது மின் விதித் தொகுப்புகளும் மட்டும்தான் திறக்கும். அதனால் ஒரு புத்தகம் எவ்வளவு பெரியது என்பது இனி கணக்கில்லை, ஹேண்ட்புக்கோடு ஒத்துப்போகிறதா என்பதுதான் கணக்கு.

இதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. வாங்க நினைக்கும் கணக்குப் புத்தகத்தின் மாதிரிப் பக்கங்களைத் திறந்து, ஏதாவது நாலைந்து கணக்குகளின் விடை விளக்கத்தைப் படியுங்கள். ஹேண்ட்புக்கில் இருக்கும் சூத்திரத்தையே, அதே குறியீடுகளோடு பயன்படுத்தியிருக்கிறார்களா, அல்லது தங்கள் புத்தகத்தில் மட்டும் இருக்கும் அட்டவணையைப் பார்க்கச் சொல்கிறார்களா? இரண்டாவது ரகம் என்றால் அந்த அட்டவணை தேர்வு அறையில் உங்களுக்குக் கிடைக்காது, வைத்துவிடுங்கள்.

விடை விளக்கத்தின் தரத்தையும் அப்போதே பார்த்துவிடலாம். உதாரணத்துக்கு 1000 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர், செகண்டரி 480 வோல்ட், இம்பீடன்ஸ் (கரண்டை எதிர்க்கும் அளவு) 5.75 சதவீதம், செகண்டரி டெர்மினலில் மூன்று ஃபேஸும் ஷார்ட் ஆனால் எவ்வளவு கரண்ட் என்று ஒரு கேள்வி. ஃபுல் லோடு கரண்ட் சுமார் 1203 ஆம்பியர், அதை 0.0575-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 20,900 ஆம்பியர். இந்த இரண்டு வரியோடு நிறுத்திக்கொள்ளும் புத்தகம் போதாது. மேலே இருக்கும் சப்ளைக்கு இம்பீடன்ஸே இல்லை என்று வைத்துக்கொண்டதால்தான் இந்த விடை வந்தது, யூட்டிலிட்டியின், அதாவது சப்ளை கொடுக்கும் நிறுவனத்தின், ஷார்ட் சர்க்யூட் எம்விஏ கொடுத்திருந்தால் அதையும் பெர் யூனிட்டில் (ஒரே அடிப்படை அளவின் விகிதமாக) மாற்றிச் சேர்க்க வேண்டும், அப்போது கரண்ட் குறையும் என்று கூடவே சொல்கிற புத்தகம்தான் வேண்டும். தேர்வில் அதே கணக்கு அதே எண்களோடு வரப்போவதில்லை, ஒரு தகவல் கூடுதலாகவோ குறைவாகவோ வரும். அப்போது கைகொடுப்பது அந்தக் கூடுதல் விளக்கம்தான்.

காலேஜ் புத்தகங்களைப் பரணில் போட்டுவிடாதீர்கள். பெர் யூனிட், சிமெட்ரிகல் காம்பொனென்ட்ஸ், இண்டக்ஷன் மோட்டாரின் ஈக்விவலன்ட் சர்க்யூட், சிங்க்ரனஸ் ஜெனரேட்டர், டிரான்ஸ்மிஷன் லைன் மாடல், ரிலே கோஆர்டினேஷன் எல்லாம் தேவிபட்டினத்திலும் டெக்சாஸிலும் ஒன்றுதான். அடிப்படை மறந்துபோன இடத்தில் உங்கள் பழைய புத்தகமும், பக்க ஓரத்தில் நீங்களே எழுதி வைத்த குறிப்பும் எந்த கோர்ஸையும் விட வேகமாக ஞாபகத்தைக் கொண்டுவரும்.

ஆனால் நம் காலேஜில் தொடாத பகுதி ஒன்று இருக்கிறது, அது கோடு. அமெரிக்காவின் நேஷனல் எலக்ட்ரிக்கல் கோடு, அதாவது என்இசி, வீடு, கட்டடம், வளாகத்து வயரிங்குக்கு. மின்வாரியக் கம்பங்களுக்கும் லைன்களுக்கும் என்இஎஸ்சி என்ற இன்னொரு கோடு. வேலை செய்பவர் பாதுகாப்புக்கும் ஆர்க் ஃபிளாஷுக்கும் (மின்பொறி வெடிப்புக்கும்) என்எஃப்பிஏ 70இ. உங்கள் செலவு இந்தப் பக்கம்தான் போக வேண்டும், நேரமும்தான்.

கோடு எப்படி நம் ஆட்களைத் தடுக்கிறது என்று ஒரு கணக்கிலேயே காட்டுகிறேன். பாம்பன் பக்கத்து ஐஸ் கம்பெனியில் இருக்கும் கம்ப்ரசர் மோட்டார் மாதிரி ஒன்று, 50 எச்பி, ஆனால் சப்ளை அமெரிக்க முறையில் 460 வோல்ட், மூன்று ஃபேஸ். இதற்குப் போகும் ஒயர் குறைந்தது எத்தனை ஆம்பியர் தாங்க வேண்டும் என்று கேள்வி. நாம் உடனே 50-ஐ 746-ஆல் பெருக்கி, ரூட் 3, வோல்டேஜ், எஃபிஷியன்சி, பவர் ஃபேக்டர் எல்லாம் போட்டு வகுப்போம். எஃபிஷியன்சி 0.9, பவர் ஃபேக்டர் 0.85 என்றால் 61 ஆம்பியர் வரும், அதற்கு 25 சதவீதம் சேர்த்தால் சுமார் 76.5. விடைகளில் 76.5-ம் இருக்கலாம். ஆனால் என்இசி சொல்வது வேறு: ஒயர் சைஸுக்கு நேம்பிளேட்டையும் (மோட்டார் மேல் இருக்கும் விவரத் தகட்டையும்) பார்க்காதே, கணக்கும் போடாதே, 430.250 அட்டவணையில் இருக்கும் கரண்டை எடு. அதில் இந்த மோட்டாருக்கு 65 ஆம்பியர். 430.22 பிரிவின்படி 125 சதவீதம், ஆக 81.25 ஆம்பியர். அதே மோட்டாருக்கு ஓவர்லோடு ரிலே செட் பண்ணும்போது மட்டும் நேம்பிளேட் கரண்டை எடுக்க வேண்டும். இயற்பியல் தெரிந்தவர் தவறும் இடம் இது, கோடு புத்தகத்தைப் புரட்டிப் பழகியவர் அரை நிமிடத்தில் முடிக்கும் இடமும் இதுதான்.

சரி, 81.25-க்கு எந்த ஒயர்? 75 டிகிரி காப்பர் பத்தியில் 4 ஏடபிள்யூஜி (அமெரிக்க ஒயர் அளவு), 85 ஆம்பியர். அந்த அட்டவணையின் எண் என்ன என்று கேட்டால், 2017 பதிப்பில் 310.15(பி)(16), 2020 பதிப்பிலிருந்து 310.16. என்இசி மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாறுகிறது, எண்களும் இடம் மாறுகின்றன. பழைய பதிப்பை வைத்து எழுதிய கணக்குப் புத்தகத்தில் பழகிப் போனால், தேர்வு அறையில் இல்லாத எண்ணைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். எந்தப் பதிப்பு இப்போது தேர்வில் இருக்கிறது என்று பாடத்திட்டத் தாளில் பார்த்துவிட்டு, அதற்கு ஏற்ற புத்தகத்தை மட்டும் வாங்குங்கள். பாடத்திட்டமும் மாறும், தேர்வுத் தேதியைப் பதிவு செய்த பிறகு இன்னொரு முறை பாருங்கள்.

நிறத்தையும் சொல்லிவிடுகிறேன், இது தேர்வோடு முடிகிற விஷயம் இல்லை. நம் ஊரில் கறுப்பு என்றால் நியூட்ரல். அமெரிக்காவில் நியூட்ரல் வெள்ளை அல்லது சாம்பல் நிறம், கறுப்பு ஒயரில் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும். அங்கே போய் சைட்டில் நிற்கும் முதல் நாளுக்கு முன்பே இது கைக்குப் பழகியிருக்க வேண்டும்.

கால்குலேட்டரும் படிப்புப் பொருள்தான். உள்ளே அனுமதிப்பது கேசியோவில் எஃப்எக்ஸ்-115, எஃப்எக்ஸ்-991 வகைகள், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸில் டிஐ-30எக்ஸ், டிஐ-36எக்ஸ் வகைகள், எச்பியில் 33எஸ், 35எஸ். நம் காலேஜ்களில் எல்லார் பையிலும் இருக்கும் எஃப்எக்ஸ்-991 போதும், புதிதாக வாங்க வேண்டியதில்லை. ஆனால் எஃப்எக்ஸ்-100 வைத்திருந்தால் அது உதவாது. காம்ப்ளெக்ஸ் மோடில் போலார் எண்ணை நேராக உள்ளிட்டுப் பெருக்கவும் வகுக்கவும் விரல் பழக வேண்டும், ஃபேஸர் கணக்குகளில் அதுவே நிறைய நேரத்தை மிச்சப்படுத்தும்.

என்சிஇஇஎஸ் விற்கும் அதிகாரப்பூர்வ மாதிரித் தேர்வு ஒன்று இருக்கிறது. அதை வாங்குங்கள், ஆனால் ஆரம்பத்தில் பிரிக்காதீர்கள். எல்லாப் பகுதியையும் ஒரு சுற்று முடித்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு, ஹேண்ட்புக்கைத் திரையில் மட்டும் திறந்து வைத்து, உண்மையான நேரக் கணக்கில் எழுதிப் பாருங்கள். ஹேண்ட்புக்கைப் பிரிண்ட் எடுத்துப் படிக்கும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள், எந்தச் சொல்லைத் தட்டினால் எந்தப் பக்கம் வரும் என்பதும் பழக வேண்டிய வேலை. தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்க மாட்டார்கள், எதையும் காலியாக விடாதீர்கள்.

கோர்ஸ்? தினமும் உட்கார்ந்து தானாகப் படிக்க முடிகிறவருக்கு ஹேண்ட்புக், சரியான பதிப்புக் கோடு, நல்ல கணக்குப் புத்தகம் ஒன்று, அந்த மாதிரித் தேர்வு, இவ்வளவே போதும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். நாலு கணக்குப் புத்தகத்தில் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் தொடுவதை விட, ஒன்றை முழுதாக இரண்டு முறை போடுபவர் நன்றாக எழுதுகிறார். கோடு பகுதி மட்டும் பிடிபடவில்லை என்றால் அதற்கு மட்டும் தனியாக ஒரு சின்ன வகுப்பு எடுத்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஒன்று, நீங்கள் கேட்கவில்லை. தேர்வை நடத்துவது என்சிஇஇஎஸ், உரிமம் கொடுப்பது அந்தந்த மாநில வாரியம். பொதுவாக முதலில் எஃப்இ (ஃபண்டமெண்டல்ஸ் ஆஃப் இன்ஜினியரிங்) என்ற அடிப்படைத் தேர்வு, பிறகு அனுபவம், அப்புறம்தான் பிஇ. இந்தியப் பட்டத்தை மதிப்பீடு செய்யவும் சொல்வார்கள். புத்தகம் வாங்கும் முன் டெக்சாஸ் வாரியத்தின் விதிகளைப் படித்துவிட்டு, எஃப்இ முதலில் எழுத வேண்டும் என்றால் அதற்கான ஹேண்ட்புக்கிலிருந்து தொடங்குங்கள். அது வேறு தேர்வு, 110 கேள்விகள், அதற்கு வேறு ஹேண்ட்புக்.

கேள்வி: அண்ணே, ஐடிஐ எலக்ட்ரீஷியன் முடித்து, ஒரு ஐஸ் கம்பெனியில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். மின்கம்பியாள் (வயர்மேன்) தகுதிச் சான்றிதழ் வாங்கலாம் என்று இருக்கிறேன். எங்கள் ஃபோர்மேன் அவர் படித்த கைடைக் கொடுத்திருக்கிறார். கேள்வி பதில் எல்லாம் தெளிவாக இருக்கிறது. அது போதுமா? ஆங்கிலப் புத்தகம் படித்தால் மண்டையில் ஏறுவதில்லை.
– வாசகர், தங்கச்சிமடம்

பதில்: தம்பி, அந்தக் கைடைக் கையில் எடுத்து, சட்டம் பற்றிய பக்கத்தைத் திற. மின்திருட்டுக்கு எந்தப் பிரிவு என்று போட்டிருக்கிறது? 39 என்று இருந்தால் அது 1910-ஆம் வருடத்து இந்திய மின்சாரச் சட்டத்தைப் பார்த்து எழுதியது. இப்போது நடப்பில் இருப்பது 2003 மின்சாரச் சட்டம், அதில் மின்திருட்டு 135-ஆவது பிரிவு. அதே மாதிரி, பாதுகாப்பு விதி எல்லாவற்றுக்கும் 1956 இந்திய மின்சார விதிகள் என்றே அந்தப் புத்தகம் சொல்லிக்கொண்டு போனால், அதற்குப் பதிலாக மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் 2010-இல் வந்து, அவையும் போய் 2023-இல் புதியவை வந்துவிட்டன என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஃபோர்மேன் அன்போடு கொடுத்ததை மறுக்க வேண்டாம். ஓம் விதி, சீரீஸ் பேரலல், மோட்டார், ஸ்டார்ட்டர் பகுதிகளை அதிலேயே படி. சட்டம், விதி, பாதுகாப்பு, எர்த்திங் பகுதிகளை மட்டும் அதில் தொடாதே.

தமிழில் படிக்க வேண்டும் என்றால் உனக்கு நல்ல வழி இருக்கிறது. சென்னை கிண்டியில் இருக்கும் நிமி நிறுவனம்தான் ஐடிஐ பாடப் புத்தகங்களைப் போடுகிறது. எலக்ட்ரீஷியன் தொழிற்பிரிவுக்குக் கருத்தியலும் செய்முறையும் தமிழிலேயே உண்டு, படத்தோடு இருக்கும். மத்திய அரசின் பாரத் ஸ்கில்ஸ் தளத்தில் பாடங்களும் கேள்வி வங்கியும் இலவசம். பிளஸ் டூ தொழிற்கல்விக்குத் தமிழ்நாடு பாடநூல் கழகம் போட்ட அடிப்படை மின் பொறியியல் புத்தகமும் அடிப்படைக்கு நல்லது. நீ படித்த ஐடிஐயிலேயே பயிற்றுநரைப் பார்த்துக் கேள், தேர்வு அறிவிப்பு அவர்கள் வழியாகவே வரும், தகுதி, வயது, அனுபவச் சான்று எல்லாம் அந்த அறிவிப்பில் இருக்கிறபடிதான்.

ஒரு கைடு நல்லதா என்று உன் வேலையை வைத்தே சோதித்துப் பார்க்கலாம். உங்கள் கம்பெனி மோட்டாரில், ஆரம்பக் கரண்டைக் குறைக்கிற ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் இருக்கும். ஸ்டாரில் எடுக்கும்போது லைன் கரண்ட் மூன்றில் ஒரு பங்கு என்று எல்லாக் கைடும் சொல்லும். ஏன் மூன்றில் ஒரு பங்கு? ஒவ்வொரு வைண்டிங்குக்கும் போகும் வோல்டேஜ் ரூட் 3-ஆல் குறைகிறது, அதனால் வைண்டிங் கரண்டும் ரூட் 3-ஆல் குறைகிறது. டெல்டாவில் என்றால் லைன் கரண்ட் வைண்டிங் கரண்டைப் போல் ரூட் 3 மடங்கு, ஸ்டாரில் இரண்டும் ஒன்று. இரண்டு ரூட் 3 சேர்ந்து 3. டார்க்கும் (சுழற்றும் விசையும்) மூன்றில் ஒன்றாகிவிடும், அதனால்தான் கம்ப்ரசரை லோடு இல்லாமல் எடுக்கச் சொல்கிறார்கள். இதை விளக்குகிற புத்தகத்தை வைத்துக்கொள். விடையை மட்டும் சொல்கிற புத்தகம் வாய்மொழிக் கேள்வியில் உன்னைக் காப்பாற்றாது, தேர்வாளர் இரண்டாவது கேள்வியாக ஏன் என்றுதான் கேட்பார்.

இன்சுலேஷனின் மின்தடையை அளக்கும் மெக்கரும் அப்படித்தான். சாதாரண வீட்டு வயரிங்குக்கு 500 வோல்ட் டிசி மெக்கர், மெயினை ஆஃப் பண்ணி, பல்பு, சாதனம் எல்லாம் கழற்றி, சுவிட்சுகளை ஆன் நிலையில் வைத்து எடுக்க வேண்டும், குறைந்தது 1 மெகா ஓம் காட்ட வேண்டும். இது புத்தகத்தில் இருக்கும். நம் கடற்கரையில் மட்டும் நடக்கிற ஒன்று புத்தகத்தில் இருக்காது: கடல் காற்றில் வரும் உப்பு ஜங்ஷன் பாக்ஸிலும் டெர்மினலிலும் படிந்து, அதிகாலை ஈரத்தில் ரீடிங் இறங்கிவிடும். துடைத்து, காயவிட்டு, மறுபடி எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஒயர் கெட்டதா என்று முடிவு செய்ய வேண்டும்.

எர்த்திங்கில் நம் ஊருக்கென்று தனிப் பாடமே இருக்கிறது. ஜிஐ பைப்பை இறக்கி, கரியும் உப்பும் போடு என்று பழைய கைடு எல்லாம் ஒரே பதிலைச் சொல்லும். காய்ந்த மணலில் மின்தடை மிக அதிகம், உப்புத் தண்ணீர் ஊறிய மண்ணில் மிகக் குறைவு, ஒரே தெருவில் இரண்டும் இருக்கும். தடை குறைவாக இருக்கிறதே என்று உப்பு மண்ணை நம்பினால், அதே உப்பு பைப்பையும் கிளாம்பையும் தின்றுவிடும். காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரி உலோக அரிப்பைச் சோதிக்க மண்டபத்தில் நிலையம் வைத்திருப்பதே இந்தக் காற்றுக்காகத்தான். ஆகவே எர்த் டெஸ்டரால் அளந்து பார், கிளாம்பைத் திறந்து பார், வருடா வருடம் பார். எர்த்திங்குக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 3043, வயரிங்குக்கு ஐஎஸ் 732. இரண்டின் பெயரும் எண்ணும் உன் புத்தகத்தில் எங்காவது வருகிறதா என்று பார், மின்கசிவு வந்ததும் சப்ளையைத் துண்டிக்கிற ஆர்சிசிபி பற்றி ஒரு பக்கமாவது இருக்கிறதா என்றும் பார். ஆள் உயிரைக் காப்பாற்றுகிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியைப் பற்றி ஒரு வரி இல்லாமல் கிட்கேட் ஃபியூஸைப் பற்றி மட்டும் பக்கம் பக்கமாக எழுதியிருந்தால், அந்தக் கைடை நம்பி ஒரு வீட்டுக்கு வயரிங் பண்ணாதே.

கேள்வி: நண்பர்கள் டெலிகிராமில் ஏகப்பட்ட பிடிஎஃப் அனுப்புகிறார்கள். போனில் இடமே இல்லை. எதை வைத்துக்கொள்ள, எதை அழிக்க?
– வாசகர், கீழக்கரை

பதில்: பெரும்பாலானதை அழித்துவிடலாம். முதல் பக்கம் இல்லாத ஸ்கேன், எந்த வருடத்துப் பதிப்பு என்றே தெரியாதது, ஏ, பி, சி என்று விடை எழுத்து மட்டும் இருந்து வழிமுறை இல்லாதது, இந்த மூன்றும் முதலில் போகட்டும். அவற்றில் பாதி திருட்டுப் பிரதி என்பது ஒருபுறம், அதில் இருக்கும் தப்பை யாரும் திருத்தப் போவதில்லை என்பது இன்னொரு புறம்.

மூலமே இலவசமாகக் கிடைக்கும்போது நகலுக்கு ஏன் அலைய வேண்டும்? மின்சாரச் சட்டமும் 2023 ஒழுங்குமுறைகளும் அரசுத் தளங்களிலேயே இருக்கின்றன. இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ் தளத்தில் பெயரைப் பதிந்தால் இந்தியத் தரநிலைகளை இறக்கிக்கொள்ளலாம். அமெரிக்க என்இசியைக்கூட, அதை வெளியிடும் என்எஃப்பிஏ அமைப்பின் தளத்தில் கணக்குத் தொடங்கினால் காசில்லாமல் படிக்க முடியும், இறக்க முடியாது, படிக்கலாம்.

கேள்வி: ஐயா, என் மகன் டிப்ளமோ எலக்ட்ரிக்கல். கமுதி பக்கத்து சோலார் பிளாண்டில் ஷிஃப்ட் வேலை. மின் சேமிப்புத் துறையில் எனர்ஜி மேனேஜர் தேர்வு எழுதப் போகிறேன் என்கிறான். மதுரையில் கோச்சிங் சேர்த்துவிடட்டுமா? ஷிஃப்ட் வேலையில் மதுரைக்குப் போய் வர முடியுமா என்றும் கவலையாக இருக்கிறது.
– வாசகர், சாயல்குடி

பதில்: ஐயா, மகனுக்கு நல்ல யோசனை வந்திருக்கிறது. இந்தத் தேர்வை மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம், பிஇஇ, நடத்துகிறது. புத்தகத்துக்கு அலைய வேண்டியதே இல்லை, அவர்களே நான்கு வழிகாட்டிப் புத்தகங்களைப் போட்டிருக்கிறார்கள்: பொது விஷயங்கள், வெப்பம் சார்ந்தவை, மின்சாரம் சார்ந்தவை, சாதனங்களின் செயல்திறன் மதிப்பீடு. மேனேஜர் தேர்வுக்கு முதல் மூன்று தாள்கள். நான்காவது எனர்ஜி ஆடிட்டர் தேர்வுக்கு மட்டும், அது புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதுகிற தாள். கேள்விகள் இந்தப் புத்தகங்களை ஒட்டியே வருகின்றன. டிப்ளமோவுக்கு எத்தனை வருட அனுபவம் கேட்கிறார்கள் என்பதை மட்டும் விண்ணப்பிக்கும் முன் அறிவிப்பில் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மகனிடம் ஒன்று சொல்லுங்கள்: மூன்றாவது புத்தகத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். எலக்ட்ரிக்கல் படித்தவர்கள் எல்லாரும் மோட்டார், டிரான்ஸ்ஃபார்மர், பவர் ஃபேக்டர் என்று தெரிந்த இடத்தில் சுகமாக உட்கார்ந்துவிட்டு, பாய்லர், ஃபர்னஸ், ஸ்டீம், இன்சுலேஷன் எல்லாம் இருக்கும் இரண்டாவது தாளைக் கடைசிக்குத் தள்ளி, அதில்தான் திணறுகிறார்கள். சோலார் பிளாண்டில் பாய்லரைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டான். முதல் இரண்டு மாதம் இரண்டாவது புத்தகத்துக்கே போகட்டும். வழுதூர் மின் நிலையத்திலோ, அரிசி ஆலை பாய்லரிலோ வேலை பார்க்கும் தெரிந்தவர் யாராவது இருந்தால் ஒரு நாள் கூடப் போய், எரிபொருள் எங்கே உள்ளே போகிறது, புகை எந்தச் சூட்டில் வெளியே போகிறது, தண்ணீரை எங்கே வடிக்கிறார்கள் என்று நின்று பார்த்து வரட்டும். பாய்லர் எஃபிஷியன்சி கணக்கு அதன் பிறகு தானாகப் புரியும்.

கோச்சிங்குக்கு இப்போது அவசரம் இல்லை. பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார்த்து, இரண்டாவது தாளில் எந்தப் பாடம் திரும்பத் திரும்பத் தவறுகிறதோ அதற்கு மட்டும் ஆள் பிடித்துக் கேட்கட்டும். இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டு மதுரைக்குப் பஸ் ஏறி வகுப்பில் தூங்கி வழிவதை விட, வாரத்தில் ஓய்வு நாளில் நாலு மணி நேரம் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போடுவது அவனுக்கு அதிகம் சேர்க்கும். அந்த நாலு மணி நேரம் அவனைக் கடைக்கும் வெளிவேலைக்கும் அனுப்பாமல் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் ஐயா, அது நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி.

கேள்வி: புத்தகத்தின் போன பதிப்பு பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?
– வாசகர், பாம்பன்

பதில்: மெஷின்ஸ், பவர் சிஸ்டம்ஸ், சர்க்யூட் தியரி என்றால் தாராளமாக வாங்கலாம், இரண்டு பதிப்பு பழையதானாலும் பரவாயில்லை. சட்டம், விதி, கோடு, தரநிலை இவற்றில் எது அட்டையில் இருந்தாலும் வேண்டாம். கணக்குப் புத்தகம் என்றால் நடுவில் நிற்கிறது: உள்ளே கோடு கேள்விகள் தனி அத்தியாயமாக இருந்தால் அந்த அத்தியாயத்தை விட்டுவிட்டு மற்றதைப் பயன்படுத்தலாம், எல்லா இடத்திலும் கலந்து கிடந்தால் வாங்காதீர்கள். வாங்கினால் முதல் வேலையாக அந்தப் பதிப்புக்குப் பதிப்பகம் வெளியிட்ட பிழைதிருத்தப் பட்டியலைத் தேடி எடுத்து, படிக்கத் தொடங்கும் முன்பே அந்தந்தப் பக்கத்தில் பேனாவால் திருத்திக்கொள்ளுங்கள். தப்பான விடையோடு அரை நாள் மல்லுக்கட்டிவிட்டு நமக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்துப் புத்தகத்தை மூடி வைத்தவர்கள் நிறையப் பேர்.